பாக்கெட்டின் பின்பக்க முகவரி

"அக்கா, நானும் எழுதிக் கொடுத்துடட்டுமா?"

கேட்டவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் ஓர் அங்கன்வாடி மையத்தில் பணியாளராக இருக்கிறாள். என்னைப் போலவே வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பம். நான் 2012இல் அந்த வேலைக்குச் சேர்ந்து, 2023இல் விட்டுவிட்டு, ராகி மாவும் சத்துமாவும் அரைத்து பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கியவள். ஒரு மகளிர் தின விழாவில் 'பெண் தொழில்முனைவோர்' என்று எனக்குச் சால்வை போட்ட படம் வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ராஜினாமாக் கடிதம் எழுதலாமா என்று கேட்கிறாள்.

அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் என் கணக்கு நோட்டு இல்லை. அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வேலையை விட்டுத் தொழிலுக்கு வா என்று இளைஞர்களை நோக்கி நாலாபக்கமும் கூவுகிறார்கள். நம் தெருப் பிள்ளைகளும் அதைக் கேட்கிறார்கள். அவர்களிடம் யாரோ ஒருவர் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும்.

அரசின் பெயர்ப்பலகை

முதலில், நான் எதை விட்டு வந்தேன்?

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தபோது கிராமத்துச் சின்னக் குழந்தைகளும் அதற்குள் வந்தார்கள். இந்த இரண்டின் வழியில் வளர்ந்தவைதான் இன்றைக்கு ஊருக்கு ஊர் இருக்கும் மையங்கள். ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது. ஆனால் அங்கே வேலை செய்கிற பெண்ணை 'கௌரவப் பணியாளர்' என்றுதான் ஒன்றிய அரசின் தாள் இன்னும் சொல்கிறது. சம்பளத்துக்குப் பெயர் மதிப்பூதியம். 2018 அக்டோபரில் பணியாளருக்கு 4,500, உதவியாளருக்கு 2,250 என்று உயர்த்தினார்கள். அதற்குமேல் மாநிலங்கள் தருவது தனி. தமிழ்நாட்டில் சிறப்பு காலமுறை ஊதியம் உண்டு. பணியாளருக்கு 7,700 ரூபாயிலும் உதவியாளருக்கு 4,100 ரூபாயிலும் அது தொடங்குகிறது. பதினோரு ஆண்டுக்குப் பிறகு படிகளெல்லாம் சேர்த்து என் கையில் மாதம் 14,000 ரூபாய் அளவுக்கு வந்தது.

வேலை என்ன என்று கேட்டால், காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவதில் ஆரம்பிக்கும். எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், பாட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தடுப்பூசி நாளில் நர்சம்மாவோடு நிற்க வேண்டும். கர்ப்பிணி வீட்டுக்குப் போய்ச் சத்துமாவு கொடுத்து, அதை அவள்தான் சாப்பிடுகிறாளா, மாமியார் மாட்டுக்குக் கரைத்து வைக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். இது அத்தனையையும் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் இல்லாத ஊரில். தேர்தல் வந்தால் எங்களில் பலர் வாக்குச்சாவடி அலுவலர்.

எங்கள் எல்லைப் பகுதியில் இன்னொரு வேலையும் உண்டு, அது எந்த ஆணையிலும் இல்லை. வேப்பனப்பள்ளிக்கு ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரம். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் மையத்தில்தான் முதன்முதலாகத் தமிழைக் கேட்கிறார்கள். 'நீள்ளு' என்று கேட்கிற குழந்தையிடம் தண்ணீர் கொடுத்து, 'தண்ணி' என்று சொல்லவைத்து, மூன்று ஆண்டில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவோம். ராகி ஒன்றுதான் மூன்று மொழிக்கும் பொது. தமிழில் களி, கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கட்டி.

இதை ஏன் சொல்கிறேன்? அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் மீதியெல்லாம் பொய்யாகிவிடும்.

அந்த மையத்தின் சுவரில் தமிழ்நாடு அரசு என்று எழுதியிருக்கும். அந்த எழுத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் ஊர்த்தெருக் குழந்தைகளுக்கு நான் சாதம் ஊட்டினேன். என் அம்மா அதே தெருவுக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். என் கையால் பிசைந்த முட்டைச் சாதத்தை அந்தத் தெருப் பிள்ளை மடியில் உட்கார்ந்து தின்றது. சட்டமும் இடஒதுக்கீடும் ஒரு பெயர்ப்பலகையும் சேர்ந்து சாதித்தது அது. எங்கள் வீட்டில் அதற்கு முன் யாருக்கும் வாய்க்கவில்லை.

அந்தப் பலகை எல்லா இடத்திலும் தாங்கிவிடவில்லை என்பதும் உண்மை. 2017இல் மதுரை மாவட்டம் வலையபட்டி அங்கன்வாடியில் இரண்டு தலித் பெண்களை நியமித்தபோது ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், இடம் மாற்றப்பட்டது அந்தப் பெண்கள். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் சமூகத்துச் சத்துணவுச் சமையலரைச் சமைக்கவிடாமல் தடுத்தார்கள். அங்கே போராட்டம் நடந்தது, வன்கொடுமை வழக்கு பதிவானது. சில வீட்டார் எங்கள் மையத்திலும் பிள்ளையைக் கழுத்தில் டிபன் டப்பாவோடு அனுப்பினார்கள். "ஒத்துக்கல டீச்சர்" என்பார்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் கேட்டதில்லை.

ஆனாலும் வழக்குப் போட ஒரு சட்டம் இருந்தது. மனுக் கொடுக்க ஓர் அலுவலகம் இருந்தது. கூடப் போராடச் சங்கம் இருந்தது. சந்தையில் இது மூன்றும் கிடையாது என்பது தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஏன் விட்டேன்

பணம் ஒரு காரணம். மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். விடிவதற்கு முன்பே ஓசூர் பக்கத்துக் கம்பெனி வேன்கள் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் பிள்ளைகளே வேலைக்குப் போன ஓரிரு வருடத்தில் என் பதினோரு வருடச் சம்பளத்தைத் தொட்டுவிட்டார்கள். நிரந்தர வேலைதான், ஆனால் அதில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

இன்னொரு காரணத்தை வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருடம் என் மடியில் வளர்ந்த ஒரு குழந்தை, ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகு, ஒருநாள் எங்கள் தெரு வழியாக வந்தாள். வா, ராகி உருண்டை தருகிறேன் என்றேன். வாசலிலேயே நின்றுவிட்டாள். "அவ்வா உங்க வீட்ல திங்கக்கூடாதுன்னு சொல்லிச்சு டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து அவளே கலங்கிவிட்டாள். மையத்தில் என் கை அரசாங்கத்தின் கையாக இருந்திருக்கிறது. வீட்டு வாசலில் அது அருந்ததியர் கையாகிவிட்டது. அப்படியானால் என் சொந்தப் பெயரில், என் சொந்தக் கையால் செய்ததை இந்த ஊரை வாங்கவைக்கிறேன் என்று ஒரு வீம்பு வந்தது. வீம்பில் எடுத்த முடிவு. அதை இன்றைக்கும் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதன் விலையை மட்டும் சொல்கிறேன்.

கணக்கு நோட்டு

முளைகட்டிய ராகி, கம்பு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, ஏலக்காய். பதினோரு வருடம் அரசாங்கச் சத்துமாவைக் கையாண்டவளுக்குப் பக்குவம் தெரியும். ராகியை நன்றாக அலசிக் கல் நீக்கி, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து அரைக்க வேண்டும். தெரியாதது மீதியெல்லாம்.

மாவு மெஷினுக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். சொத்துப் பத்திரம் கேட்டார்கள். 10 லட்சம் ரூபாய் வரையிலான சிறுதொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது அப்போது இருந்த ரிசர்வ் வங்கி விதி. அது எனக்குத் தெரிந்தது ஆறு மாதம் கழித்து. வங்கி மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கு முன்பே தெரிந்திருக்கும். கடைசியில் மகளிர் குழுக் கடனும், அடகு வைத்த நகையும்தான் மெஷினாயின. மாந்தோப்பு வைத்திருக்கிற வீட்டில் ஒரு பெண் இதே தொழிலைத் தொடங்கினால் தோப்புக் குத்தகைப் பணம் முதலாகிறது. எங்களுக்குத் தோப்பு ஏன் இல்லை என்பதற்குப் பஞ்சமி நிலத்தின் கதையைத்தான் திறக்க வேண்டும்.

அடுத்தது லேபிள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வருடத்துக்கு 100 ரூபாய் கட்டினேன், அது சுலபமாக முடிந்தது. பாக்கெட் பொருள் என்றால் தயாரிப்பவர் பெயரும் முழு முகவரியும் அச்சிட வேண்டும். நியாயமான விதிதான், என்ன தின்கிறோம், யார் செய்தது என்று தெரிந்துகொள்ள எல்லாருக்கும் உரிமை உண்டு. என் முகவரியில் கதவு எண்ணுக்கு அடுத்த வார்த்தை 'காலனி'.

முதல் மாதம் ஆறு கடையில் வைத்தேன். நான்கு கடையில் பாக்கெட் அப்படியே தூசி படிந்து நின்றது. ஒரு கடைக்காரர் நல்ல மனிதர், என் பையனோடு படித்தவனின் அப்பா. அவர்தான் உடைத்துச் சொன்னார். "மாவு நல்லாத்தாம்மா இருக்குது. பின்னாடி திருப்பிப் பாக்குறாங்க, வெச்சுட்டுப் போயிடுறாங்க. அட்ரஸ மட்டும் மாத்திக்கோ."

நான் மாற்றிக்கொண்டேன். இதைச் சாதி ஒழிப்புப் பேசுகிற இந்த இடத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பொய் முகவரி போடவில்லை. மெயின் ரோட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து மெஷினை அங்கே கொண்டுபோனேன். அந்த அறை கிடைக்கவும் நான்கு வீடு ஏறி இறங்கினேன். "நீங்க என்ன ஆளுங்கம்மா?" என்று மூன்று இடத்தில் கேட்டார்கள். கேட்காமல் சாவி கொடுத்தவர் ஓர் இஸ்லாமியப் பெரியவர். வாடகை 3,500 ரூபாய்.

இப்போது ஒரு நல்ல மாதத்தின் கணக்கு இது. விற்பனை 52,000. தானியம், கடலை வகையில் 23,000. கரண்டு, பாக்கெட், வண்டிச் செலவு 7,000. உதவிக்கு வரும் அக்காவுக்கு 4,500. கடன் தவணை 4,200. வாடகை 3,500. மிச்சம் 9,800. நான் விட்டு வந்த சம்பளத்தைவிட நாலாயிரம் குறைவு, அதுவும் நல்ல மாதத்தில். மழை மாதத்தில் ராகி உலராது, கணக்கும் உலராது.

என் வீட்டுப் பின்கட்டில் மெஷின் வைக்க இடம் இருக்கிறது. அங்கே வைத்தால் அந்த 3,500 எனக்கே மிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு 84,000 ரூபாய். அந்தப் பணத்தை நான் எந்தப் பொருளுக்கும் கொடுக்கவில்லை. பின்பக்க முகவரியில் ஒரு வார்த்தை இல்லாமல் இருப்பதற்காகக் கொடுத்தேன். சாதி என்றால் என்ன என்று மேடையில் பலவிதமாக விளக்குவார்கள். என் நோட்டில் அது 'வாடகை' என்ற தலைப்பில் மாதாமாதம் ஏறுகிற ஒரு வரி.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் எங்கள் வட்டாரத்தில் ஒருவர் எந்தத் தெரு என்று தெரிந்துகொள்ள யாருக்கும் அந்தச் சொல் தேவையில்லை. அம்பேத்கர் நகர் என்று எழுதினாலும் திருப்பிப் பார்க்கிறவர் திருப்பித்தான் பார்ப்பார்.

சாதி சிலருக்கு முதல், சிலருக்குச் செலவு

ஓசூரிலிருந்து பெங்களூர் வரை சாலையோரம் எத்தனை 'ஐயங்கார் பேக்கரி' என்று எண்ணிப் பாருங்கள். சாதிப் பெயர் தாங்கிய மெஸ்கள், மசாலாப் பொடிகள், காபித் தூள்கள். அந்தப் பெயர்களைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை, சுத்தமாக இருக்கும் என்று நம்பி உள்ளே போகிறார்கள். அவர்களுக்குச் சாதிப்பெயர் காசு கொடுக்காமல் கிடைக்கிற விளம்பரம். அதே இடத்தில் என் சாதியின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பெங்களூர் அடுக்ககங்களுக்கு என் மாவை எடுத்துப் போகிற ஒரு வியாபாரி, 'கிராமத்துப் பாட்டியின் கைப்பக்குவம்' என்று போடலாமா என்று கேட்டார். அந்தப் பாட்டி எந்தத் தெருப் பாட்டி என்று வாங்குகிறவர் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது. அதில் என் பாட்டி இல்லை.

பெரியார் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் 'பிராமணாள்' என்ற பலகையை எடுக்கச் சொல்லி மறியல் நடத்தினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் கைதானார்கள். ஓர் உணவு விடுதிப் பலகைக்கா இத்தனை என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. இன்றைக்குத் தொழில் செய்கிறவளாக எனக்கு அது நன்றாகப் புரிகிறது. ஒருவர் பலகையில் சாதி பெருமையாக நிற்கும்வரை இன்னொருவர் தன் முகவரியை ஒளிக்க வேண்டியிருக்கும்.

வேலையை விட்டுத் தொழில் தொடங்கியவர்களில் நமக்கு மிகப் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. 1917இல் வெளிநாட்டுப் படிப்போடு பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கு அங்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து துரத்தப்பட்டார். பம்பாய்க்குத் திரும்பி, பங்கு முதலீடு பற்றி ஆலோசனை சொல்லும் ஒரு தொழிலைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். தொழில் மூடப்பட்டது. பொருளாதாரத்தில் கொலம்பியா பல்கலைக்கழகம் வரை படித்தவரின் ஆலோசனையே விலை போகவில்லை. அவரிடம் திறமையோ துணிச்சலோ இல்லை என்று யார் சொல்வார்கள்?

எனக்குப் பிடித்த இன்னொரு கதை கோலாப்பூரில் நடந்தது. சாகு மகாராஜாவின் அரண்மனைக் குதிரை லாயத்தில் வேலை செய்த கங்காராம் காம்ப்ளே, சாதி இந்துக்களின் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதற்காக அடிபட்டார். அடித்தவர்களைத் தண்டித்த சாகு, கங்காராம் சொந்தமாக ஒரு டீக்கடை வைக்கப் பணம் கொடுத்தார். கடையைத் திறந்தும் மற்ற சாதியார் யாரும் வரவில்லை. பிறகு சாகு மகாராஜாவே தன் வண்டியை அந்தக் கடை முன்னால் நிறுத்தி, எல்லாரும் பார்க்க டீ வாங்கிக் குடித்தார். கூட வந்த பெரிய மனிதர்களையும் குடிக்கவைத்தார்.

கங்காராமிடம் உழைப்பு இருந்தது, தைரியம் இருந்தது, முதல் பணமும் வந்தது. அப்படியும் கடை ஓடவில்லை. அதிகாரம் வந்து வாடிக்கையாளராக நின்ற பிறகுதான் ஓடியது. நம் மக்களுக்குக் கடன் கொடுத்துவிட்டோம், மானியம் கொடுத்துவிட்டோம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கதையின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

'வேலை கொடுப்பவர்களாக மாறுங்கள்'

நம்மில் ஒரு பகுதியினர் வெகுநாளாகச் சொல்லி வருவது இது: அரசு வேலை சுருங்கிவிட்டது, இனி தலித்துகள் முதலாளிகளாக வேண்டும். இதை நான் கேலி செய்ய மாட்டேன். சந்திரபான் பிரசாத் 2016இல் 'தலித் ஃபுட்ஸ்' என்று வெளிப்படையாகப் பெயர் வைத்தே ஊறுகாயும் மசாலாவும் விற்க இறங்கியபோது, நான் அறை வாடகை கொடுத்து ஒளித்ததை அவர் பாக்கெட்டின் முன்பக்கமே போட்டார். அந்தத் துணிவுக்கு என் வணக்கம். 2002 போபால் பிரகடனம் கேட்டதையும் மறந்துவிடக் கூடாது. அரசும் நிறுவனங்களும் தாங்கள் வாங்கும் பொருள்களில் ஒரு பங்கைத் தலித்துகளிடமிருந்து வாங்க வேண்டும் என்று அது கேட்டது. அதாவது, சாகு மகாராஜாவைப் போல வந்து டீ குடியுங்கள் என்றது.

அந்தக் கோரிக்கையின் ஒரு துண்டு சட்டமாகவும் ஆனது. 2012 பொதுக் கொள்முதல் ஆணைப்படி ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு குறு நிறுவனங்களிடமிருந்து செய்ய வேண்டும். இந்த இலக்கு ஆண்டுக்கு ஆண்டு எட்டப்படாமலேயே கிடந்தது. தமிழ்நாட்டில் 2023 முதல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. 35 விழுக்காடு மூலதன மானியம், 6 விழுக்காடு வட்டி மானியம். நல்ல திட்டம், நம் பிள்ளைகள் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் மானியம் மெஷினைத்தான் வாங்கித் தரும், பாக்கெட்டை அது வாங்காது.

தனியாளின் துணிச்சலால் ஒரு சமூகம் வணிகத்தில் ஏறியதாக எனக்குத் தெரிந்து வரலாறு இல்லை. தென்மாவட்டங்களில் கோயிலுக்குள் நுழையவிடாமல் தடுக்கப்பட்டிருந்த நாடார்கள், மகமை என்று வியாபாரத்தில் ஒரு பங்கைப் பொதுநிதியாக எடுத்து வைத்தார்கள். பேட்டை கட்டினார்கள், பள்ளி கட்டினார்கள். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியே தொடங்கினார்கள், இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். அந்த வழி பிறகு சாதிச் சங்கமாக இறுகியதையும் நாம் பார்த்திருக்கிறோம். அதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. பின்னால் ஒரு பொதுப்பெட்டி இல்லாமல் முன்னால் ஒரு கடை நிற்காது என்பது மட்டும் உண்மை.

எனவே 'வேலையா, தொழிலா' என்ற கேள்வியை நம்மிடம் கேட்பதே சரியல்ல. பாதி அரசு ஊழியராக ஒரு பெண்ணை ஐம்பது ஆண்டு வைத்திருந்துவிட்டு, அவள் சலித்து வெளியேறும்போது 'தொழில்முனைவோர்' என்று சால்வை போடுகிறார்கள். அந்தச் சால்வையால் அரசு தன் கடனை மூடிவிடுகிறது. 2006இல் அமீர்பீ வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். அதே நீதிமன்றம் 2022 ஏப்ரலில், அவர்களுக்கும் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று சொன்னது. பதினாறு ஆண்டில் ஒரு படி ஏறியிருக்கிறோம். அது ஏறியது வேலையில் இருந்துகொண்டு சங்கம் கட்டி வழக்காடியவர்களால்.

அவளுக்குச் சொன்னது

இப்போதைக்கு எழுதிக் கொடுக்காதே என்றேன்.

பயந்துகொண்டு இரு என்று அதற்கு அர்த்தமில்லை. நம் பாட்டன்மார் பறையடிக்கிற, செத்த மாடு தூக்குகிற வேலையை விட்டது விடுதலை. அந்த வேலை சாதி கொடுத்தது. அங்கன்வாடி வேலையைச் சாதி கொடுக்கவில்லை, நாம் போராடி வாங்கியது. சாதி கட்டிய வேலையை உதறுவது போல இதை உதற முடியாது. நீ விட்ட நாற்காலியில் யார் உட்காருவார் என்பது உனக்கே தெரியாது. நாளைக்கு ஊர்த்தெருக் குழந்தை ஒன்று உன் கையால் சாப்பிடாமலேயே வளர்ந்துவிடும்.

அப்படியும் விடுவதாக இருந்தால் மூன்று காரியம் செய்துவிட்டு விடு என்றேன். பணிக்கொடை பற்றி 2022 தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேள், ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவள் நீ. வங்கியில் அடமானம் கேட்டால் எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல், வாய்ப்பேச்சோடு திரும்பி வராதே. மூன்றாவது, தனியாக வராதே. நம் தெருவில் ஐந்து பெண்கள் சேர்ந்து வாருங்கள், மெஷின் என்னிடம் இருக்கிறது.

அரசிடம் கேட்க வேண்டியதும் எளிமையானதுதான். அங்கன்வாடிப் பணியாளரையும் உதவியாளரையும் முழு அரசு ஊழியராக்க வேண்டும். மையங்களுக்குப் போகிற சத்துமாவைத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே மகளிர் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் தயாரிக்கின்றன, வழி புதிதல்ல. ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கும், காலை உணவுத் திட்டத்துக்கும், மையங்களுக்கும் வாங்குகிற ராகியிலும் மாவிலும் ஒரு பங்கைப் பட்டியல் சாதிப் பெண்களின் குழுக்களிடமிருந்துதான் வாங்குவோம் என்று ஆணை போடுங்கள். வாங்கினீர்களா என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுங்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் தின்கிற மாவின் மூட்டையில் எங்கள் தெருவின் முகவரி இருக்கட்டும்.

படிக்கிற தோழர்களிடம் ஒன்று. என் மேல் இரக்கப்பட்டு மாவு வாங்க வேண்டாம், நல்ல மாவாக இருந்தால் வாங்குங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் எத்தனை சாதிப் பெயர்கள் பாட்டிலிலும் பாக்கெட்டிலும் நிற்கின்றன என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்த மாதத்தோடு அறையைக் காலி செய்கிறேன். பெரியவரிடம் சொல்லிவிட்டேன். மெஷின் வீட்டுப் பின்கட்டுக்கு வருகிறது. பதிவில் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், புது லேபிளுக்கு ஆயிரம் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவின் பெயர் அதில் இருக்கும். இரண்டு கடை நிச்சயம் எடுக்காது. மூன்றாவது கடைக்காரர், அந்த நல்ல மனிதர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெச்சுப் பாக்கலாம்மா, முன்னாடி வரிசையிலயே வெக்கிறேன்" என்றிருக்கிறார்.

அவள் இன்னும் கடிதம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ராகி உலர்த்த வருகிறாள்.